தாயின் தட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி



யவீருவின் மகளை உயிரோடெழுப்பின பின்பு நம்முடைய ஆண்டவர் அந்த வீட்டாருக்கு இட்ட கட்டளையைக் கவனித்திருக்கிறீர்களா? அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5:43). அற்புதம் செய்தவருக்கு ஆகாரம் அற்பமாய்த் தோன்றவில்லை. சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்திருந்த எலியாவையும் தேவதூதன் முதலாவது அடையும் தண்ணீரும் கொடுத்தே தேற்றினான் (1 இராஜாக்கள் 19). ஆகையால், நம் சபையின் கர்ப்பவதிகளும் பாலூட்டும் தாய்மாரும் என்ன புசிக்கிறார்கள் என்பது ஊழியத்துக்குப் புறம்பான காரியமல்ல.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உண்டு. கர்ப்பவதிகளில் அது 52 சதவீதம். 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான ஆகாரம் பெறுகிறவர்கள் 11 சதவீதமே. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் நம் சகோதரிகளும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். விடியற்காலையில் தேநீரும் ரொட்டியும். பிறகு வீட்டு வேலைக்கோ தையலுக்கோ ஓட்டம். இரவில் எல்லாருக்கும் பரிமாறியபின் பாத்திரத்தில் மீந்தது அவளுக்கு. ஊரில் இருந்திருந்தால் தாயோ மாமியாரோ அருகில் இருந்து புத்தி சொல்லியிருப்பார்கள். இங்கே அவளோடு இருப்பது கைப்பேசி ஒன்றே.

கைப்பேசி வழியாய் ஆலோசனை

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. அந்தச் சிறிய கருவி தாய்மாரின் நலனுக்கும் உதவும் என்று பிற்பாடு பலர் கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் 2010-ல் 'டெக்ஸ்ட்4பேபி' என்ற சேவை தொடங்கி, கர்ப்பவதிகளுக்கு இலவசமாய்க் குறுஞ்செய்திகள் அனுப்பியது. நம் தேசத்தில் வாசிக்க இயலாத தாய்மார் அநேகர் என்பதால், இங்கே குரல் அழைப்பே பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. 2008-ல் டாக்டர் அபர்ணா ஹெக்டே மும்பையில் நிறுவிய 'அர்மான்' அமைப்பின் 'எம்மித்ரா' சேவை, தாய் தெரிந்துகொண்ட நேரத்தில் அவளை அழைத்து ஆலோசனை சொல்லுகிறது. மத்திய அரசு 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' சேவை, கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை, வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகளை வழங்கும்படி அமைக்கப்பட்டது.

செய்தி தட்டை எட்டுகிறதா?

பிரியமானவர்களே, கேட்பது ஒன்று, செய்வது வேறொன்று. கில்காரியைக் குறித்து மத்தியப் பிரதேசத்தில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

காரணங்களை நம் வீடுகளிலேயே காணலாம். முதலாவது, கைப்பேசி கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. செய்தி வரும் வேளையில் அவர் வேலையில் இருக்கிறார். இரண்டாவது, அந்நிய பாஷையில் வரும் ஆலோசனை அரைகுறையாகவே விளங்குகிறது. மூன்றாவது, "கீரை உண்ணுங்கள்" என்று கேட்டவள் கையில் கீரை வாங்கப் பணம் இருக்க வேண்டும். அதை அவள் தட்டில் வைக்க வீட்டார் மனங்கொள்ள வேண்டும். இந்த மூன்று தடைகளையும் நீக்க, அவளை அறிந்த ஒரு கூட்டம் அருகில் இருப்பது அவசியம். அந்தக் கூட்டம் சபையே.

சபை செய்யக்கூடியது

சகோதரிகள் ஐக்கியத்தில் பொறுப்புள்ள ஒருவர், வாரம் ஒரு செய்தியைத் தமிழில் அனுப்பட்டும். வாசிக்க அறியாதவருக்குக் குரல் பதிவாக அனுப்பலாம். அதே செய்தி கணவருக்கும் போகட்டும். ஆங்கிலத்தில் 160 எழுத்துகளைக் கொள்ளும் குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளையே கொள்ளும். காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். ஆகவே ஒரு செய்திக்கு ஒரு காரியமே போதும். சில மாதிரிகள்:

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் தேநீர் வேண்டாம்."

"கீரை சமைத்தால் எலுமிச்சை பிழியுங்கள். இரும்புச்சத்து உடலில் நன்றாய்ச் சேரும்."

"சந்தையில் கேழ்வரகை நாச்னி என்றும், வெந்தயக்கீரையை மேத்தி என்றும் கேளுங்கள்."

"சகோதரரே, இன்று வீட்டில் முதல் முட்டை யாருக்கு?"

"ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு பருப்புச் சோறு மசித்துக் கொடுங்கள்."

மறுவாரம் யாராவது ஒருவர் அவளை அழைத்து, "அம்மா, வாங்க முடிந்ததா?" என்று விசாரிக்க வேண்டும். முடியவில்லை என்றால், உரிமையாய்க் கிடைப்பதைப் பெற்றுக்கொள்ள உதவ வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கர்ப்பவதிக்கும், குழந்தை பிறந்து ஆறு மாதம்வரை தாய்க்கும், அங்கன்வாடி வழியாய் நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் உள்ள ஆகாரம் இலவசமாய்க் கொடுக்கப்பட வேண்டும். 2022 முதல் எல்லா மாநிலங்களிலும் நடைமுறையிலிருக்கும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தால், அந்தச் சட்டத்துக்குட்பட்ட குடும்ப அட்டை ஊரில் இருந்தாலும் இங்கே தானியம் பெறலாம். பாஷை அறியாமல் தயங்கும் சகோதரியோடு கூடப்போய் அங்கன்வாடியில் பேசுவதும் ஊழியமே.

உபவாசமும் மாத்திரையும்

இதை வெளிப்படையாய் எழுதுவது மேய்ப்பனுடைய கடமை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நாள் முழுவதும் வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கும் கர்ப்பவதிகளைப் பல சபைகளில் காண்கிறோம். அவர்களுடைய வாஞ்சையைக் கர்த்தர் அறிவார். ஆனால் அவள் வயிற்றிலிருக்கும் சிசு உபவாசப் பொருத்தனை பண்ணவில்லை. அவள் புசித்துவிட்டு வந்து ஜெபிக்கட்டும். மற்றவர்கள் அவளுக்காக உபவாசிக்கட்டும். இதை மேய்ப்பர்களே அறிவித்தால் அவள் குற்ற உணர்வின்றிப் புசிப்பாள்.

அப்படியே, மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று எண்ணி, அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. கர்ப்பத்தில் 180 நாட்களும், பிரசவத்துக்குப்பின் 180 நாட்களும் அவை கொடுக்கப்படுகின்றன. தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற நாம், பிரியமான வைத்தியனாகிய லூக்கா பவுலோடு ஊழியப் பாதையில் நடந்தவன் என்பதை மறவாதிருப்போமாக. அதிகம் புசித்தால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்ற பழைய பயத்தையும் விட்டுவிடுங்கள். குறைவாய்ப் புசிக்கிறவளுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயமே அதிகம்.

வாசகரே, போவாஸின் வயலில் திருப்தியாய்ப் புசித்த ரூத், மீந்ததை நகோமிக்கு எடுத்துக்கொண்டு போனாள் (ரூத் 2). நம் வீடுகளில் தாய்க்கு மீதி மட்டும் மிஞ்சுகிற வழக்கம் மாறட்டும். இந்த இதழை வாசித்து முடித்ததும், உங்கள் சபையிலுள்ள ஒரு கர்ப்பவதியையோ பாலூட்டும் தாயையோ நினைத்து, "இன்று என்ன சாப்பிட்டாய், மகளே?" என்று ஒரு வரி அனுப்புங்கள். அவள் பதிலைப் பொறுத்து, ஒரு கட்டுக் கீரையோ அரை டஜன் முட்டையோ உங்கள் கையில் அவள் வாசலுக்குப் போகட்டும்.

கர்த்தர் தாமே உங்கள் அடுப்பையும் ஆகாரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.