மீன்பாடி வண்டிக்கு எண்ணெயே உயிர்!

"டபடப" என்று புகை கக்கி ஓடும் 3 சக்கர மீன்பாடி வண்டியை வடசென்னையில் பார்க்காதவர் உண்டா? காசிமேட்டில் மீன் ஏற்றும். மணலியில் இரும்பும் ஏற்றும். (சட்டம் இதை ஒப்புவதில்லை. அது தனிக் கதை!)

இதில் பூட்டுவது பழைய என்ஜின். அது டூ-ஸ்ட்ரோக் என்றால் கவனம் தேவை. பிஸ்டனுக்கு எண்ணெய் தனியாகப் போகாது. பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றவேண்டும். என்ஜினைப் பொறுத்து லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி.

குறைந்தால் பிஸ்டன் சூடேறி, சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். வண்டி நடுரோட்டில் நிற்கும். அன்றைய கூலி போச்சு! கூடினால் பிளக்கில் கரி படியும், உதைத்தாலும் கிளம்பாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் சரி. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மணலித் தூசியில் ஏர் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி சுத்தம் செய்யவேண்டும். அப்படியும் இழுவை இல்லையா? சைலன்சரைக் கழற்றுங்கள். உள்ளே கரி அப்பியிருக்கும்.