சிசுவின் தலையும் வயிறும்

உக்கடத்து நம் சங்க இல்லங்களில் தாய்மார் கூறும் கவலைகள் இரண்டு.

ஒன்று, குழந்தையின் பின்தலை தட்டையாதல். எந்நேரமும் ஒரே பக்கமாய்க் கிடப்பதே பெரும்பாலும் காரணம். அதற்காகக் குப்புறத் துயிற்றலாகாது. 1994 முதல் அமெரிக்காவில் மல்லாக்கத் துயிற்றும் பழக்கத்தைப் பரப்பியபின், திடீர் உறக்கச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. விழித்திருக்கையில் மட்டும், நம் கண்முன்னே சிறிது நேரம் குப்புறக் கிடத்துவோம். தலை நாளடைவில் சீர்படும். பிடித்து உருட்ட வேண்டுவதில்லை.

மற்றொன்று, மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் அருந்தும் மூன்று மாதக் குழந்தை சில நாள் மலம் கழியாதிருப்பினும், பின்னர் இளகிப் போகுமாயின் அது சிக்கலன்று. விளக்கெண்ணெய் புகட்டலாகாது; மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே மோசம். வயிறு உப்பிப் பச்சையாய் வாந்தியெடுத்தால், தறியை நிறுத்திவிட்டுக் கோவை அரசு மருத்துவமனைக்கு உடனே விரைவோமாக.