பல் கட்டுமுன் ஈற்றைப் பண்படுத்தல்

பல் போனாற் சொற்போகும் என்பது பழமொழி. சொல்லுடன் ஊணின் சுவையும் போகும். ஆதலின் பல்லிழந்தோர் பொய்ப்பல் கட்டுவிக்க விரைதல் இயல்பே. கட்டிய பல் ஆடினும் உறுத்தினும் அதனைச் செய்தவரைக் குறை கூறுவர்; ஈற்றின் குறையை எண்ணுவோர் சிலரே. அத்திவாரத்தை நோக்காது சுவரைப் பழிப்பது போன்றது இது.

பல்லைப் பிடுங்கியபின் அதனைத் தாங்கிய தாடையென்பு தேயத் தொடங்குகின்றது. முதலாண்டில் இத்தேய்வு மிகுதி. பின்னரும் மெல்லத் தொடரும். தல்கிரன் என்னும் அறிஞர் 1972 இல் வெளியிட்ட, 25 ஆண்டுகளைத் தழுவிய ஆய்வு, முழுப் பொய்ப்பல் அணிந்தோரின் கீழ்த்தாடை முன்பக்கம் மேற்றாடையினும் ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்வதைக் காட்டிற்று. என்பு தாழ, பொய்ப்பல் தட்டுத் தளரும். அதன் விளிம்பு ஓயாது உரசுமிடத்தில் ஈறு மடிமடியாய்த் தடிக்கும். மடிப்புகளிடையே உணவு தங்கி அழற்சியும் துர்நாற்றமும் உண்டாகும்.

இந்நிலையில் முதற்கண் தட்டைக் கழற்றி ஈற்றுக்கு ஓய்வளித்தல் வேண்டும். அதனால் வீக்கம் ஓரளவு தணியும். எஞ்சிய தடிப்பை, அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து, வெட்டி அகற்றுவர். உதட்டையும் ஈற்றையும் பிணைக்கும் நாண் ஈற்றின் உச்சிவரை ஏறியிருப்பின், பேசுந்தோறும் அது தட்டை இழுத்துத் தள்ளும். அதனையும் வெட்டி விடுவிப்பர். கன்னத்துக்கும் ஈற்றுக்கும் இடைப்பட்ட பள்ளம் ஆழங்குறைந்திருப்பின் அதனை ஆழமாக்கி, அண்ணத்திலிருந்து எடுத்த உறுதியான மென்படையை அங்கு ஒட்டுவதும் உண்டு. உறுதியான ஈறு அழுத்தத்தைத் தாங்கும். நோவின்றித் துலக்கித் தூய்மை செய்யவும் இடந்தரும்.

புண் ஆறி ஈறு நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். அதன்முன் அவசரப்பட்டு அச்செடுத்தால், ஈறு சுருங்கியபின் புதுப்பல்லும் ஆடும். நீரிழிவுடையோர் சருக்கரையைக் கட்டுப்படுத்தலும், புகைப்போர் அதனை விடுதலும் புண் விரைவில் ஆற உதவும்.

மற்றொன்றும் கருதற்பாலது. தடிப்புகள் யாவும் தட்டின் உரசலால் வந்தவை அல்ல. இரு வாரங் கடந்தும் ஆறாத புண், வெண்படலம், செம்படலம் ஆகியன புற்றுநோயின் அறிகுறியாகலாம். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர்க்கு இவ்வச்சம் பெரிது. இதனாலேயே வெட்டிய தசையை நுணுக்குக்காட்டியிற் சோதிப்பர்.

நம் இல்லத்து முதியோர் பலர் பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் இட்டுவிட்டுக் கஞ்சியோடு காலங் கழிக்கின்றனர். முதுமையின் விதியென்று அதனை விட்டுவிடாது, அவர்தம் ஈற்றை ஒருமுறை பல்வைத்தியரிடம் காட்டுவித்தல் இளையோர் கடனாகும்.