வெட்டுப்பட்டது நரம்பா, நாணா?

போன வருஷம் காப்பிக்குக் கவாத்து பண்ணும்போது தாண்டிக்குடி சித்தப்பாவுக்கு அருவா வழுக்கி இடது கையில் பட்டுவிட்டது. மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக ஒரு சின்ன வெட்டு. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று தையல், ஒரு டி.டி. ஊசி. ஒரு வாரத்தில் காயம் ஆறிவிட்டது. எல்லாரும் மறந்தும் விட்டோம்.

பதினோராவது நாள் போன் வந்தது. "ஏப்பா, இந்த ஒரு விரல் மட்டும் மடங்க மாட்டேங்குது. நரம்பு கட்டாயிருச்சு போல."

நான் கோடைக்கானலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள்காரன், டாக்டர் இல்லை. ஆனாலும் கேட்டேன்: "தொட்டா உணர்ச்சி இருக்கா சித்தப்பா?" "நல்லா இருக்கு." அப்படியென்றால் நரம்பு பெரும்பாலும் தப்பித்துவிட்டது. அறுந்தது வேறு.

இங்கே நம்ம பேச்சுத்தமிழே கொஞ்சம் காலை வாருகிறது. ரத்தம் ஓடும் குழாயும் நமக்கு நரம்பு, மூளையின் செய்தியைக் கொண்டுபோவதும் நரம்பு, புறங்கையில் கயிறு மாதிரி புடைத்துத் தெரிவதும் நரம்பு. அந்தக் கயிற்றுக்குப் பாடப்புத்தகத்தில் தசைநாண் என்று பேர். வில்லின் நாண் என்கிறோமே, அதே நாண். யார் வைத்த பேரோ, பொருத்தமான பேர். தசை சுருங்கி இழுக்கும். நாண் அந்த இழுவையை எலும்புக்குக் கொண்டுபோகும். விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. நாண் மட்டும் மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை ஓடுகிறது.

ஒரு சின்ன சோதனை. முழங்கையை மேஜையில் ஊன்றி, கையைத் தளர்வாக விடுங்கள். மணிக்கட்டை முன்பக்கம் தொங்கவிட்டால் விரல்கள் தானாக நீளும். பின்பக்கம் சாய்த்தால் தானாக மடங்கும். நீங்கள் எதையும் இழுக்கவில்லை, நாண்களின் நீளம் செய்கிற வேலை அது. நாண் அறுந்த விரல் மட்டும் மற்றவற்றோடு மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். சித்தப்பா வீடியோ காலில் செய்து காட்டினார். மோதிர விரல் அப்படியேதான் நின்றது.

அன்றைக்கே பஸ் ஏறச் சொன்னேன். மதுரையில் ஒரு கை அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தா நேரா இணைக்கிறதே கஷ்டம்" என்றார். அறுந்த நாணைத் தசை மேலே இழுத்துக்கொள்ளும். நாளாக ஆகத் தசையும் சுருங்கிப் போகும்.

அடிபட்ட இடமும் மோசமான இடம். கட்டை விரலைத் தவிர ஒவ்வொரு விரலிலும் மடக்கும் நாண்கள் இரண்டு. ஒன்று நடு மூட்டுக்கு, இன்னொன்று நுனி மூட்டுக்கு. முதல் நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, அதன் நடுவே இரண்டாவது நுழைந்து போகிறது. இரண்டும் சேர்ந்து, சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி ஒரு இறுக்கமான உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். மணிக்கட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓடும் தூரம் சுமார் 7 செ.மீ. தைத்த இடம் கொஞ்சம் தடித்தாலும் சிக்கும். சும்மா வைத்திருந்தால் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பனெல் இந்தப் பகுதிக்கு 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே பேர் வைத்தார். 1960கள் வரைக்கும், அங்கே உடனே தைக்காதே, தோலை மட்டும் மூடு, பிறகு வேறு நாண் எடுத்து ஒட்டவை என்பதுதான் பொதுவான பாடம்.

சித்தப்பா கையில் ஒன்றைக் கவனித்தேன். விரலின் அடி மூட்டு மட்டும் மடங்கியது. அதற்கு உள்ளங்கைக்குள்ளேயே தனியாகச் சின்னத் தசைகள் உண்டு. அவை செயலிழந்தால் என்ன ஆகும் என்று தேடப்போய்த்தான் பால் பிராண்டிடம் வந்து சேர்ந்தேன்.

பிராண்டும் ஒரு வகையில் நம்ம மலைக்காரர்தான். 1914ல் கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் தச்சு, கட்டட வேலை பழகி, அப்புறம் மருத்துவம் படித்து, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் விரல்கள் புலிநகம் மாதிரி வளைந்துபோன ஒருவரிடம், என் கையைப் பிடித்து அழுத்து என்றார். பிடி வலிக்கும் அளவுக்குப் பலமாக இருந்தது. ஆக, முன்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன. தொழுநோய் முடக்கியது நரம்பை. அதனால் படுத்தவை உள்ளங்கைச் சின்னத் தசைகள். சித்தப்பா கைக்கு நேர்த் தலைகீழ்: அடி மூட்டு மடங்காது, மற்ற இரண்டும் மடங்கியே கிடக்கும்.

அவர் செய்தது எனக்கு ரொம்பப் பழக்கமான வேலை. ஒரு சர்வர் படுத்தால், சும்மா இருக்கும் இன்னொன்றுக்கு வேலையைத் திருப்புவோம் இல்லையா? மணிக்கட்டைப் பின்னால் சாய்க்க மூன்று தசைகள் இருக்கின்றன, இரண்டு போதும். மூன்றாவதின் நாணைக் கழற்றி, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டி, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தார். 1948ல் தொடங்கிய இந்தக் கை அறுவைகளில் அவர் இப்படிப் பல வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். இதில் என்னை அசரவைத்தது மூளைதான். மணிக்கட்டை அசைக்க இருந்த தசையை, விரலை அசைக்க அது பயிற்சியில் திரும்பக் கற்றுக்கொள்கிறது. வேலூரில் அவர் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், சரியான கைகள் தச்சுப் பட்டறையில் மரப்பொம்மை செய்தன.

சித்தப்பாவுக்கு 15வது நாள் அறுவை நடந்தது. வீட்டில் சண்டை அதற்கப்புறம்தான். சித்தி, "தையல் விட்டுப்போகும், அசைக்காதீங்க" என்பார். பிசியோதெரபிஸ்டோ, கையின் பின்புறம் கட்டிய பட்டைக்குள்ளேயே மணிக்கு ஒருமுறை மெதுவாக மடக்கச் சொல்வார். ரெண்டு பேர் பயமும் நியாயம்தான். அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், பலமாக இழுத்தால் பிய்ந்துவிடும். தைத்த இடம் மிகவும் பலவீனமாக இருப்பது இரண்டாவது வாரம் வாக்கில். வலி குறைந்து, 'சரியாயிருச்சு' என்று குடத்தைத் தூக்கத் தோன்றுவதும் அப்போதுதான். பட்டை 6 வாரம், பாரம் தூக்க 12 வாரம். குடத்தை எங்கேயோ ஒளித்து வைத்தோம்.

இப்போது விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு செ.மீ. பாக்கி. மிளகு பறிக்க அது போதும் என்கிறார். போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் கையை வெட்டிக்கொண்டு வந்தபோது, தையலுக்கு அனுப்புமுன் சித்தப்பாவே அவனை நிறுத்தி, ஒவ்வொரு விரலாக, நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்கு பார்ப்போம்" என்றாராம்.