புது டர்போ கார் ஆயில் குடிக்கிறதா? ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்!

'வண்டி ஆயில் குடிக்குது' என்பது ஒருகாலத்தில் வயதான வண்டிகளைப் பற்றிய பேச்சு. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி, நீலப் புகை கக்கும் அம்பாசிடர், போர் வேலைக்கு வந்துவிட்ட வேன்... இவைதான் ஆயில் குடிக்கும். இப்போது, வாங்கி நாலைந்து வருடமே ஆன டர்போ கார்களைப் பற்றியும் அதே பேச்சு வருகிறது. புகை இல்லை, சத்தம் இல்லை, நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. ஆனால், ஆயில் மட்டும் குறைகிறது.

கூடங்குளம் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்திலிருந்து அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற கார், வாரம் முழுக்கச் சில கிலோமீட்டர்தான் ஓடும். இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். அதே கார், பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ சென்னைக்குப் புறப்பட்டால், போக வர 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம். நடுவில் ஆனி, ஆடிக் காற்று வேறு. காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, மண்ணையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். குறைந்த ஓட்டம், திடீர் நெடும்பயணம், புழுதி... மூன்றுமே இந்த வகை இன்ஜின்களுக்குச் சோதனைதான்.

எந்த கார்களில்?

'டைரக்ட் இன்ஜெக்‌ஷன்' என்றால், எரிபொருளை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறை. டீசலில் இது நமக்குப் பழகியதுதான். ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் இன்ஜினும் டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்ததே. பெட்ரோலில் ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் நிறுவனங்களின் டிஎஸ்ஐ இன்ஜின்கள் முன்னால் வந்தன. 2019-ல் ஹூண்டாய் வென்யூ 1.0 லிட்டர் டர்போவுடன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் அமலானபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. டீசலின் இழுவைக்குப் பழகியவர்கள் பலர் டர்போ பெட்ரோல் பக்கம் திரும்பினார்கள். இன்று கியா, மஹிந்திரா என்று பல நிறுவனங்களிடம் இந்த வகை இன்ஜின் இருக்கிறது. டர்போ என்று எழுதியிருப்பதெல்லாம் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் அல்ல. உங்கள் காரின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இன்ஜின்கள் மோசமானவை அல்ல. சின்ன இன்ஜினில் பெரிய இழுவை, நல்ல மைலேஜ் இரண்டையும் தருபவை. ஆனால், பழைய இன்ஜின் பொறுத்துக்கொண்ட அலட்சியத்தை இவை பொறுக்காது.

குக்கருக்கு வெயிட், இன்ஜினுக்கு பிரீதர்

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது, அந்த அழுத்தத்தில் கொஞ்சம் புகை பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும் இது நடக்கும். கீழே ஆயில் இருக்கும் அறைதான் கிராங்க் கேஸ். அங்கே இறங்கும் புகையில் எரியாத பெட்ரோல், நீராவி, ஆயில் துளிகள் எல்லாம் கலந்திருக்கும். அதற்கு வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். வெயிட் அடைத்துக்கொண்ட குக்கரில் கேஸ்கட் வழியாகக் கஞ்சி பொங்குமே, அதே கதை.

அந்த வழிக்குத்தான் மெக்கானிக்குகள் 'பிரீதர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் இது வெறும் குழாய். புகை ரோட்டில் போகும். காற்று மாசைக் குறைக்க, 1961 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்தப் புகையைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பி எரிக்கும் வால்வு வந்தது. பிசிவி வால்வு என்பது அதுதான்.

டர்போ காரில் இந்த வால்வுக்கு இரட்டை வேலை. ஐடிலிங்கில் இன்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலிலேயே புகை உள்ளே போய்விடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ அதே இடத்தில் காற்றை அழுத்தித் தள்ளும். அப்போது ஒரு சின்ன வால்வு அந்த வழியை மூடிவிட, புகை வேறு குழாய் வழியாக டர்போவின் வாய்க்குப் போகும். நடுவில் ஆயில் துளிகளைப் பிரித்துத் திருப்பி அனுப்ப ஒரு பிரிப்பான், உறிஞ்சலைக் கட்டுப்படுத்த மெல்லிய ரப்பர் தகடு. தினமும் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் கிடந்து, முதலில் தளர்வது இந்த ரப்பர்தான்.

கெட்டுப்போனால் என்ன ஆகும்?

ரப்பர் தகடு கிழிந்தால், உறிஞ்சலுக்குக் கட்டுப்பாடு போய்விடும். புகையோடு ஆயிலும் சேர்ந்து இழுபட்டு எரியும். ஐடிலிங்கில் வண்டி தடுமாறும், மெல்லிய விசில் சத்தம் கேட்கும், செக் இன்ஜின் விளக்கு எரியலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முடியாதபடி உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும்.

மூடவேண்டிய வால்வு மூடாவிட்டால், டர்போவின் அழுத்தம் நேராக ஆயில் அறைக்குள் இறங்கும். சீல்கள் ஒழுகத் தொடங்கும். டர்போவையும் இது விடாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. அதன் பேரிங்குக்கு ஆயில்தான் உயிர். போன ஆயில் கீழே வடிந்து திரும்ப வேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் வடியாது, டர்போவிலிருந்தே இன்ஜினுக்குள் கசியும். இதைப் பார்த்து 'டர்போ போச்சு' என்று புதிதாக மாற்றினால், பணம்தான் வீண். காரணம் அப்படியே இருக்கும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனுக்கே உரிய தொல்லை இன்னொன்று. பழைய முறையில் பெட்ரோல், காற்று நுழையும் வால்வின் மேல் தெளிக்கப்படும். அது வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குப் போவதால் கழுவ ஆளில்லை. பிரீதர் வழியே வரும் ஆயில் ஆவி, வால்வின் முதுகில் கரியாகப் படிந்துகொண்டே போகும்.

குழாயில் விரிசல் விட்டால் ஏர் ஃபில்டரைத் தாண்டி, வடிகட்டாத காற்று நேராக உள்ளே போகும் வாய்ப்பும் உண்டு. புழுதிக் காற்றடிக்கும் ஊரில் அது ரிங்குகளையும் சிலிண்டரையும் அரம்போலத் தேய்த்துவிடும்.

அமெரிக்காவில் ஆடி பட்ட பாடு

இது எங்கோ ஒருவருக்கு நடக்கும் விஷயமல்ல. 2009 முதல் 2011 வரையிலான ஆடி ஏ4, ஏ5, க்யூ5 கார்களின் 2.0 லிட்டர் டர்போ இன்ஜின், அளவுக்கு மீறி ஆயில் குடிப்பதாக அமெரிக்க உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் முடிந்த அந்த வழக்கில், ஆயில் குடிக்கும் குறைக்கான வாரண்ட்டியை நிறுவனம் நீட்டிக்க வேண்டிவந்தது. ரிப்பேர் செய்த வரிசையில் நமக்குப் பாடம் இருக்கிறது. முதலில் பிரீதர் வால்வு, சீல் போன்றவற்றை மாற்றிப் பார்த்தார்கள். அதிலும் அடங்காத கார்களுக்குத்தான் இன்ஜினைப் பிரித்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றினார்கள்.

'ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்' என்று எடுத்தவுடன் யாராவது சொன்னால், 'பிரீதரைப் பார்த்தாச்சா அண்ணே?' என்று நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது.

'அனுமதிக்கப்பட்ட அளவு' என்றால்?

எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயில் எரிக்கும். ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் என்றே இருக்கிறது. சர்வீஸ் இடைவெளியோ 15,000 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச அளவில் குடித்தால் ஒரு சர்வீஸுக்குள் ஏழரை லிட்டர் வேண்டும். 1.0 லிட்டர் டர்போ இன்ஜினில் மொத்தமே சுமார் 4 லிட்டர் ஆயில்தான்!

பெரும்பாலான கார்கள் இவ்வளவு குடிப்பதில்லை. ஆனாலும், சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பல கார்களில் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். சென்னைக்கு ஒருமுறை போய் வந்தாலே அதில் பாதிக்கு மேல் காலியாகக்கூடும்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பியிருக்கவும் கூடாது. அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஓடும்போது அது எரிந்தால், உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். 'வள்ளியூர் வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் இன்ஜின் செலவு வந்து நிற்கும்.

ஆயில் ஏறினாலும் ஆபத்து

ஸ்டிக்கில் அளவு குறையவே இல்லை, கூடியிருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். சூடாகாத இன்ஜினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். 2018-ல் சீனாவில் ஹோண்டா சிஆர்-வி 1.5 டர்போவுக்கு, குளிர்ப் பிரதேசங்களில் இதுவே பெரிய பிரச்னையாகி, புதிய கார்களின் விற்பனையே நிறுத்தப்பட்டது. நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. ஆனாலும், தினமும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே என்றால், கவனம் வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்து, உராய்வைத் தடுக்கும் சக்தியை இழந்துவிடும்.

டீசல் கார்களில் ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்றுவது இன்னும் மோசம். பிரீதர் வழியாக ஆயில் மொத்தமாக உள்ளே போனால், இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தும் நிற்காமல் எகிறும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நெடும்பயணத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து, துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.
* தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் போனிலேயே குறித்து வையுங்கள். வாரண்ட்டி கேட்கும்போது இந்தக் குறிப்பும் ஆயில் பில்லும்தான் உங்களுக்குச் சாட்சி.
* ஆயில் குறைகிறது என்று தோன்றினால், சர்வீஸ் சென்டரில் அளந்து ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவந்து மறுபடி அளக்கும் சோதனையைக் கேளுங்கள். முடிவை எழுதி வாங்குங்கள்.
* கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில் மட்டும் போதும். 'கெட்டி ஆயில் ஊத்துனா குடிக்காது' என்ற யோசனை டர்போவுக்கு ஆகாது.
* குறைந்த தூரமே ஓட்டுபவர்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நாகர்கோவில் சாலையில் சீராக ஓட்டுங்கள். ஆயிலில் சேர்ந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகும். கிலோமீட்டர் முடியாவிட்டாலும், வருடம் முடிந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.
* காற்றுக் காலம் முடிந்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அப்படியே பிரீதர் குழாய்களில் விரிசல், ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.
* நீலப் புகை, விசில் சத்தம், ஆயில் மூடி இறுக்கம், ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை... இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

பல குடும்பங்களில் கார் என்பது ஐந்து, ஏழு வருட இ.எம்.ஐ. கடன் முடிவதற்குள் இன்ஜினுக்கு இன்னொரு கடன் வாங்கும் நிலை வராமலிருக்க, மாதம் ஒருநாள் ஒரு பழைய துணியும் இரண்டு நிமிடமும் ஒதுக்கினால் போதும்.