மனை வாங்கும் முன் தேதியைப் பாருங்கள்

கடையில் மிஞ்சிய நாலு காசை மனையில் போட்டு வைப்பது விழுப்புரம், திண்டிவனம் வட்டார வணிகர்களின் பழைய வழக்கம். மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் அந்த மனைதான் கைகொடுக்கிறது. மரக்காணம் சாலை, புதுச்சேரி சாலை, புறவழிச்சாலை என எந்தப் பக்கம் போனாலும் ‘நகர்’ பலகைகள். அதே மண்ணுக்கடியில் எண்ணெய் தேடும் திட்டமும் சேர்ந்தால் நம் முதல் என்னவாகும்?

2018 அக்டோபரில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக்காக நாடு முழுவதும் 55 வட்டாரங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் ஒன்று மரக்காணம் தொடங்கிக் கடலூர் வரை, கடலும் கரையுமாக 1,794 சதுர கிலோமீட்டர். வேதாந்தா நிறுவனம் அதைப் பெற்றது. எதிர்ப்புத் தெரிவித்து 2019 ஜூனில் மரக்காணம் முதல் ராமேஸ்வரம் வரை மனிதச் சங்கிலி நடந்தது. 2020 ஜனவரியில், ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என மத்திய அரசு விதியைத் திருத்தியது. அடுத்த மாதமே மாநில அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் இடம்பெற்றன. விழுப்புரம் இடம்பெறவில்லை.

இந்த நிலையில் இரண்டு வதந்திகள் கிளம்புவது இயல்பு. ‘எண்ணெய் வந்தால் மனை தங்கமாகும்’ என்பது ஒன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தடி எண்ணெய் தனியார் சொத்தாக இருக்க முடியும். பண்ணை நிலத்தை மனை போடுகிறவர்கள் கிணற்றுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மீதியை விற்பதும் உண்டு. நம் நாட்டில் எண்ணெய் எடுக்கும் உரிமத்தை வழங்குவது அரசு. பட்டா வைத்திருப்பதால் நமக்கு எண்ணெயில் பங்கு வராது. கிணறு தோண்ட வரும் ஆட்களும் சில மாதங்களில் போய்விடுவார்கள். அவர்களை நம்பிக் கடையைப் பெரிதாக்குவது சரியல்ல. நிரந்தர வாடிக்கை குடியிருப்பிலிருந்துதான் வரும்.

‘எல்லா மனையும் போச்சு’ என்பது மற்றொன்று. இதற்குப் பதில் 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தில் இருக்கிறது. குழாய் பதிக்கும் எண்ணத்தை அரசிதழில் அறிவித்தபின், ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலத்திலும் நிரந்தரக் கட்டடம் நின்ற நிலத்திலும் குழாய் பதிக்கக் கூடாது. ஆனால் கல் மட்டும் நட்ட காலி மனைக்கு இந்தக் காப்பு இல்லை. அங்கே குழாய் போனால் நிலம் நம் பெயரிலேயே இருக்கும். அதன்மேல் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது. உபயோக உரிமைக்கு ஈடாகக் கிடைப்பது சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்கு இழப்பீடு தனி.

தேதியின் அருமை நமக்குப் புதிதல்ல. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைப் பதிவுக்கு உயர்நீதிமன்றம் தடை போட்டது. பிறகு வந்த வரன்முறை விதிகள் 20.10.2016 என்ற தேதியையே கோடாகக் கிழித்தன. அதற்கு முன் பத்திரம் முடித்தவருக்கு வழி பிறந்தது, தள்ளிப்போட்டவர் தவித்தார்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் நாம் கேட்க வேண்டியவை சில. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் எந்தத் தேதியில் கிடைத்தது? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண் என்ன? அந்தச் சர்வே எண் குழாய்க்கான அரசிதழ் அறிவிப்பு எதிலாவது வந்திருக்கிறதா? வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அதில் வருவது பதிவான பத்திரங்கள்தான். குழாய் உரிமை அரசிதழ் வழியே பிறப்பது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது.

மனையைக் காலியாக வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பதா, வீட்டைக் கட்டி வாடகைக்கு விடுவதா என்பது அவரவர் கைமுதலைப் பொறுத்தது. எண்ணெய் பேச்சு அடிபடும் பகுதியில் காலி மனைக்கு ஆபத்து அதிகம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு வாங்கும்போது மூட்டையைக் குத்திப் பார்க்கும் நாம், வாழ்நாள் சேமிப்பைப் போடும்போது அரசிதழையும் புரட்டிப் பார்ப்போம்.