காட்டுப்பூனைத் தோலும் அரசு முத்திரையும்

கொல்லப்பட்ட காட்டு விலங்கின் தோலை அரசு அலுவலர் ஒருவர் பார்வையிட்டு, அது முறைப்படி வந்ததே என்பதற்கு அடையாளமாக அதில் குறியிட்டுத் தரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆனால் அந்தக் குறி எதற்குச் சான்றாக நிற்கிறது என்று பார்த்தால், அமெரிக்காவில் அதற்குள்ள பொருள் இந்தியாவில் தலைகீழாகிவிடுகிறது. அங்கே இந்தப் பருவத்தில் வேட்டையாடிய புதிய தோலுக்கு முத்திரை கிடைக்கிறது; இங்கேயோ, வேட்டை சட்டப்படி முடிவுக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்ட பழைய தோலுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பாப்கேட், லிங்க்ஸ் எனப்படும் குட்டை வாலுள்ள காட்டுப்பூனைகளை உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட மாதங்களில் வேட்டையாடவோ பொறிவைத்துப் பிடிக்கவோ பல மாகாணங்கள் அனுமதிக்கின்றன. பிடித்தவர் தோலைக் குறித்த கெடுவுக்குள் மாகாண வனவிலங்குத் துறையிடம் கொண்டுபோக வேண்டும். அலுவலர் அது எங்கே, எந்த நாளில், எந்த முறையில் பிடிபட்டது என்பதைப் பதிந்துகொண்டு, ஒருமுறை பூட்டினால் வெட்டாமல் கழற்ற முடியாத, வரிசை எண் பொறித்த மெல்லிய பட்டையொன்றைத் தோலின் கண்துளை வழியாகவோ உதட்டோரமாகவோ கோத்து இறுக்குகிறார். உறைபெட்டியிலிருந்து எடுத்த தோல் கல்லாக இறுகியிருந்தால் பட்டை நுழையாது என்பதால், நன்றாக இளகவைத்த பிறகே கொண்டுவரும்படி துறைகள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. சில மாகாணங்கள் தோலோடு கீழ்த்தாடையையும் கேட்கின்றன. அதிலிருந்து பிடுங்கிய பல்லை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்நோக்கியில் வைத்தால், வேரைச் சூழ்ந்து ஆண்டுதோறும் படியும் வளையங்களை எண்ணிப் பூனையின் வயதைச் சொல்லிவிடலாம். இளம் பூனைகள் எத்தனை, முதிர்ந்தவை எத்தனை என்ற அந்தக் கணக்கை வைத்தே அடுத்த பருவத்துக்கான வேட்டை அளவு பல இடங்களில் தீர்மானிக்கப்படுவதால், முத்திரையிடும் மேசை கணக்கெடுப்பு மேசையாகவும் ஆகிவிடுகிறது.

பாப்கேட் அழிவின் விளிம்பிலிருக்கும் விலங்கன்று. இருந்தும் அதன் தோலுக்கு இத்தனை காவல் ஏனென்றால், உரித்துப் பதப்படுத்திய புள்ளித்தோலைப் பார்த்து இது இன்ன பூனையுடையது என்று துறைமுகச் சுங்க அலுவலரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அரிய பூனைகளின் தோல் சாதாரணப் பூனையின் பெயரில் கப்பலேறாமல் தடுக்க, 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, வீட்டுப்பூனை நீங்கலாகப் பூனைக் குடும்பம் முழுவதையும் தன் பட்டியல்களுக்குள் கொண்டுவந்தது. இந்தியா அதில் 1976இல் சேர்ந்தது.

இந்தியாவின் காட்டுப்பூனைக்கு உடலில் புள்ளிகள் கிடையாது. மங்கிய மணல் நிறம், நீண்ட கால்கள், காது நுனியில் சிறு கருமயிர்க் குச்சம், கருவளையங்களோடு முடியும் குட்டை வால் ஆகியவையே அதன் அடையாளம். சொரசொரப்பான மயிராதலால் தோல் ஒன்றின் விலை குறைவுதான். ஆயினும் ஒரு மேலங்கிக்குப் பல தோல்கள் தேவைப்பட்டதால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட 1979ஆம் ஆண்டில் அரசு கையிருப்புக் கணக்கு கேட்டபோது, வணிகர்கள் காட்டிய காட்டுப்பூனைத் தோல்கள் மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டின. தமிழகத்தின் வடமாவட்டங்களில் இதே கதை பாம்புத்தோலில் நடந்தது. பாம்பு பிடித்துத் தோல் மண்டிகளுக்கு விற்றுப் பிழைத்த செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள், 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றதும் பிழைப்பை இழந்தனர். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் தொழிலாக அதை மாற்றியது. தடை விதித்ததோடு மாற்றுத் தொழிலுக்கும் வழி பிறந்த நல்ல எடுத்துக்காட்டு இது. காட்டுப்பூனைத் தோல் விஷயத்தில் அப்படியொன்று நிகழவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை கார் தொழிற்சாலைகளும் உதிரிபாகக் கிடங்குகளும் நிறைந்துவிட்ட இந்தப் பகுதியில் காட்டுப்பூனையைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அது அடர்காட்டைவிட ஏரிக்கரைக் கோரையையும் சம்புப் புதரையும் வயல்வரப்பையும் விரும்பும் விலங்கு. ஏரிகள் மிகுந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் நிலவாகு அதற்கு ஏற்றது. நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலிகள் வரை ஒரு பூனை பிடிக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நெல் விவசாயிக்கு அது சம்பளமில்லாத காவலாள்தான்.

அமெரிக்க நடைமுறையிலிருந்து இந்தியச் சட்டத்தின் நிலை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, விலங்குகளை அட்டவணைகளாகப் பிரித்தது. காட்டுப்பூனை இரண்டாம் அட்டவணையிலும், சிறுத்தை, சிறுத்தைப்பூனை, மீன்பிடிப்பூனை போன்றவை கடும் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையிலும் இடம்பெற்றன. விலங்கின் உடலையோ அதன் பகுதியையோ எவ்வழியிலேனும் கெடாமல் பாதுகாத்து வைத்திருந்தால் சட்டம் அதை வேட்டைச் சின்னம் என்கிறது. தோல் விரிப்பு, பஞ்சடைத்த தலை, கொம்பு, நகம், பல் எல்லாமே இதில் அடங்கும். பதப்படுத்தாதது பச்சைச் சின்னம், அதிலிருந்து செய்த பை, செருப்பு போன்றவை விலங்குப் பொருள். இவற்றை வைத்திருப்பவர்கள் சட்டம் வந்த 30 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும் என்று 40ஆம் பிரிவு ஆணையிட்டது. அறிவிப்பு வந்ததும் அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து, பொருட்களைப் பட்டியலிட்டு அடையாளக் குறியிட 41ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. குறியை அழித்தாலோ போலியாக இட்டாலோ குற்றம். வைத்திருப்பது முறையானதே என்று காப்பாளருக்குத் திருப்தி ஏற்பட்டால், 42ஆம் பிரிவின்கீழ் உடைமைச் சான்றிதழ் வழங்கி, இயன்றவரை பொருளிலும் குறியிடுவார். அமெரிக்கப் பட்டைக்கு இந்தியாவில் இணையாகச் சொல்லக்கூடியது இதுவே.

ஆனால் பட்டை கோத்த பாப்கேட் தோல் ஏலத்துக்குப் போகும். சான்றிதழ் பெற்ற இந்தியத் தோலோ கூடத்துச் சுவரைவிட்டு நகர வழியில்லை. அதை விற்பதையும் விலைக்கு ஈடாக எதையேனும் பெற்றுக்கொண்டு கைமாற்றுவதையும் 43ஆம் பிரிவு தடுக்கிறது. விலையின்றிக் கைமாற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனாலும் 30 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். (மயிலின் வால் இறகுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு, இல்லாவிட்டால் முருகன் கோயில் வாசல்களில் பாதிக் கடைகளை மூட வேண்டியிருக்கும்.) 1986இல் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட அத்தியாயம் அட்டவணை விலங்குகளின் தோல் வணிகத்தையே ஒழித்தபோது, பழைய இருப்பை விற்கவாவது விடுங்கள் என்று வழக்காடிய வணிகர்களின் மனுக்களைத் தில்லி உயர் நீதிமன்றம் 1997இல் தள்ளுபடி செய்தது.

முதல் கெடுவில் அறிவிக்காமல் விட்டவர்களுக்காக மத்திய அரசு 2003 ஏப்ரலில் தனி விதிகளை வெளியிட்டு 180 நாள் அவகாசம் தந்தது. அந்த அக்டோபரோடு அதுவும் முடிந்தது. இப்போது சட்டம் தானாகத் திறந்துவைத்திருக்கும் வழி வாரிசுரிமை ஒன்றே: சான்றிதழ் உள்ளவர் இறந்து பொருள் பிள்ளைக்கு வந்தால், அவர் 90 நாட்களுக்குள் அறிவித்துத் தன் பெயரில் சான்றிதழ் பெற வேண்டும். மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டுப் பொருட்களை அறிவிக்கச் சொல்லலாம் என்றாலும் அதற்கும் முறையுண்டு என்பதை நடிகர் மோகன்லாலின் யானைத் தந்த வழக்கு காட்டியது. 2011இல் அவரது கொச்சி வீட்டில் வருமான வரிச் சோதனையின்போது தெரியவந்த தந்தங்களுக்குக் கேரள அரசு பின்னாளில் சிறப்பு ஆணை பிறப்பித்துச் சான்றிதழ் வழங்கியது. அந்த ஆணை அரசிதழில் முறைப்படி வெளியிடப்படவில்லை என்பதால் சான்றிதழ் செல்லாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மனு தந்தவர் யாராயினும், அரசிதழில் ஏறாத ஆணையை வைத்துக் கொடுத்த சான்றிதழ் வெறுங்காகிதமே என்ற இந்தக் கண்டிப்பு வரவேற்கத்தக்கது.

பொருளைப் பழையது என்று மெய்ப்பிப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. கையில் பொருள் இருப்பது உறுதியானால், அது முறையற்ற வழியில் வந்ததென்றே 57ஆம் பிரிவு அனுமானித்துக்கொள்கிறது; இல்லை என்று காட்டும் சுமை வைத்திருப்பவர்மேல் விழுகிறது. பழைய வேட்டை உரிமம், புகைப்படம், பதனிட்ட நிறுவனத்தின் ரசீது ஆகியவை இங்கே கைகொடுக்கும். தென்னிந்திய ஜமீன் மாளிகைகளிலும் தேயிலைத் தோட்ட பங்களாக்களிலும் தொங்கும் தலைகளில் பலவும் மைசூரின் வான் இங்கன் நிறுவனத்தில் உருவானவை; நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புலி, சிறுத்தைகளைப் பதனிட்ட அந்த நிறுவனம் 1999 வரை இயங்கியது. தோலே போலியாக இருப்பதும் உண்டு. நாய்த்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் சாயமடித்துப் புலித்தோல் என்று விற்பது பழைய மோசடி. மயிர் ஒன்றை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால் மேற்புறச் செதில்களின் அடுக்கும் நடுத்தண்டின் அமைப்பும் இனத்துக்கு இனம் மாறுபடுவது தெரியும். அதிலும் ஐயம் நீங்காவிட்டால் மரபணுச் சோதனைக்குப் போகலாம். இதற்கான தடயவியல் வசதியுள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம், ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலை புறப்படுகிற வண்டலூரிலேயே இருக்கிறது.

சட்டத்தில் ஓர் இடைவெளி மட்டும் இன்னும் அடைபடவில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 42ஏ பிரிவின்படி, சான்றிதழ் உள்ளவர் பொருளை வைத்துக்கொள்ள விரும்பாவிட்டால் ஏழு வேலைநாள் முன்னறிவிப்புத் தந்து அரசிடம் ஒப்படைத்துவிடலாம். இழப்பீடு கிடையாது, சான்றிதழும் ரத்தாகும். ஆனால் தாத்தா காலத்துப் பரணில் கிடந்த பெட்டியில் சான்றிதழே இல்லாத தோலைக் கண்டெடுக்கும் பேரனுக்கு அந்தப் பிரிவு ஒன்றும் சொல்வதில்லை. முதல் அட்டவணை விலங்கின் தோல் என்றால் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டுச் சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்றிருக்கையில், அவர் பயந்து அதை இரவோடிரவாக எரித்துவிடுவதே இயல்பு. காலத்தே மனுப்போட வழக்கறிஞரும் கணக்கரும் இருந்த பெரிய வீடுகளின் சிறுத்தைத் தலைகளுக்கு முத்திரை கிடைத்ததும், அறிவிப்பைப் பற்றிக் கேள்வியேபடாத சிறிய வீடுகளின் தோல்கள் குற்றப்பொருளானதும் சட்டம் நினைத்துச் செய்ததல்ல என்றாலும், சான்றிதழ் இல்லாதவரும் தண்டனை பயமின்றி ஒப்படைக்க நிரந்தர வழியொன்று வகுப்பதே முறை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலைகளில் இரவு லாரியில் அடிபட்டுக் கிடக்கும் காட்டுப்பூனைக்கு இந்த முத்திரைகளில் எதுவும் பொருந்தாது. 39ஆம் பிரிவின்படி காட்டு விலங்கு செத்தாலும் அரசின் சொத்து. அது எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். தோல் நன்றாக இருக்கிறதே என்று உரித்து வைத்துக்கொண்டவர், தாம் அதைக் கொல்லவில்லை என்று எத்தனை உறுதியாக மெய்ப்பித்தாலும், அனுமதியின்றி வைத்திருந்த குற்றத்திலிருந்து தப்ப முடியாது. ஆகவே உடலைத் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் தந்துவிட்டு, உடற்கூறு பரிசோதனையையும் அடக்கத்தையும் அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.